விரைவுச்சாலையிலிருந்து நகரம் எப்படித் தெரிகிறது, அது ஏன் முக்கியம்?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகருக்கு விமான நிலையத்திலிருந்து காரில் வருகிறவருக்குக் கடைசி நிமிடம் வரை ஊர் கண்ணில் படாது. மலைதான் தெரியும். அந்த மலையைக் குடைந்து 1960இல் திறந்த ஃபோர்ட் பிட் சுரங்கத்துக்குள் நுழைந்து, ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தைக் கடந்து வெளியே வந்தால் வண்டி நேராகப் பாலத்தின் மேல் நிற்கும். கீழே ஓர் ஆறு. இடது பக்கம் அது இன்னொரு ஆற்றோடு கலந்து ஒஹாயோ ஆறாகப் புறப்படும் முனை. எதிரே நகரத்தின் கோபுரங்கள் மொத்தமும். பல ஆண்டுகளாகத் தினமும் அந்த வழியில் போகிறவர்கள்கூட அந்த இடத்தில் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

இதே நாட்டில் வேறு பல பெருநகரங்களுக்குள் நுழைவது இப்படி இருக்காது. உயர்ந்த கம்பங்களில் கடைப் பெயர்கள், அவற்றின் பின்னால் கார் நிறுத்துமிடங்கள், நடுநடுவே விளம்பரப் பலகைகள். எந்த ஊருக்குள் வந்திருக்கிறோம் என்பதைப் பச்சைப் பலகையில் எழுதியிருக்கும் பெயரைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஊருக்குள் அருமையான தெருக்களும் பூங்காக்களும் இருக்கும். சாலையிலிருந்து எதுவும் தெரியாது.

இந்த வேறுபாடு பொருட்படுத்த வேண்டியதுதானா? வண்டியில் விரைந்து போகிறவர் கண்ணுக்காக ஒரு நகரம் செலவு செய்யலாமா? செய்யலாம் என்பதுதான் எங்கள் பதில். ஆனால் எதற்கு, யாருடைய கணக்கில் என்பதில் கறாராக இருக்க வேண்டும். விரைவுச்சாலை என்று இங்கே சொல்வது சிக்னலும் குறுக்குத் தெருவும் இல்லாமல், ரேம்ப் வழியாக மட்டுமே ஏறி இறங்கக்கூடிய நகர்ப்புறச் சாலையை.

வேகத்தில் கண் எதைப் பிடிக்கும்

மணிக்கு 100 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். இந்த ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் இந்தத் துறையின் பாதி விஷயம் விளங்கிவிடும். 14 மீட்டர் அகலமுள்ள கட்டட முகப்பு ஒன்று அரை நொடியில் பின்னால் போய்விடும். அதன் ஜன்னல் வேலைப்பாட்டையோ கதவின் நிறத்தையோ யாரும் பார்க்கப் போவதில்லை. நடந்து போகிறவருக்காகச் செய்யும் நுணுக்கமான அலங்காரம் எதுவும் விரைவுச்சாலையில் எடுபடாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

வேகம் கூடக்கூட ஓட்டுநரின் பார்வை இரண்டு விதமாக மாறுகிறது. கண் குவியும் இடம் தொலைவுக்குப் போகிறது. கவனத்தில் இருக்கும் அகலம் சுருங்குகிறது. சாலை வடிவமைப்பாளர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் கணக்கு, மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சுமார் 100 டிகிரி அகலமாக இருக்கும் பார்வை 100 கி.மீ. வேகத்தில் 40 டிகிரியாகிவிடும் என்பது. பக்கவாட்டில் அருகிலிருப்பதெல்லாம் கோடாகக் கலங்கி ஓடும். சாலைக்கு நேர் எதிரே, தொலைவில் இருப்பது மட்டும் நின்று தெரியும்.

ஆகவே சில இடங்களுக்கு மற்ற இடங்களைவிடப் பல மடங்கு மதிப்பு உண்டு. முக்கியமாக, வளைவின் வெளிப்புறம். சாலை வலப்புறம் திரும்பும் இடத்துக்குச் சற்று முன்னால், எதிரே இடப்பக்கமாக இருக்கும் கட்டடம் வண்டியின் முன்கண்ணாடிக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். 280 மீட்டர் தொலைவிலிருந்தே தெரிந்தால் அது பத்து நொடி கண்முன் நிற்கும். பக்கத்தில் ஓடும் கட்டடத்துக்குக் கிடைப்பது அரை நொடி. அந்த வெளிப்புற மூலையில் பல மாடி வாகன நிறுத்தக் கட்டடத்தின் முதுகு நின்றால், அதுதான் அந்த நகரத்தின் முகம். மேலே குறுக்காகப் போகும் பாலங்களும் அப்படித்தான். அவை சாலைக்கு நேர் எதிரே நிற்பதால் அவற்றைப் பார்க்காமல் தப்ப முடியாது. கனெக்டிகட் மாநிலத்தில் 1938க்கும் 1940க்கும் இடையே திறந்த மெரிட் பார்க்வேயில் ஜார்ஜ் டங்கல்பெர்கர் ஒவ்வொரு மேம்பாலத்தையும் வேறுவேறு விதமாக வடிவமைத்தார். அந்தச் சாலை இன்றும் நினைவில் நிற்பதற்கு அந்தப் பாலங்களே பெரிய காரணம்.

இன்னொன்று, வண்டி நகர்வதால் நகரமும் நகர்கிறது. தொலைவிலுள்ள இரண்டு கோபுரங்கள் ஒன்றன் பின் ஒன்றாக மறைந்து, விலகி, இடம் மாறும். ஒரு மேட்டில் தெரிந்த கோபுரம் பள்ளத்தில் மறைந்து அடுத்த திருப்பத்தில் பெரிதாகத் திரும்பி வரும். நகர வடிவமைப்பு ஆய்வாளர்களான டொனால்ட் ஆப்பிள்யார்ட், கெவின் லிஞ்ச், ஜான் மையர் ஆகிய மூவரும் பாஸ்டன் நகர விரைவுச்சாலைகளை இந்த நோக்கில் ஆராய்ந்து 1964இல் வெளியிட்டார்கள். சாலைக் காட்சியைத் தனித்தனிப் படங்களாக எடுக்காமல், இசையைப்போல ஒன்றை அடுத்து ஒன்றாக வரும் தொடராகப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதைக் காகிதத்தில் குறித்து வைக்க ஒரு குறியீட்டு முறையையும் உருவாக்கினார்கள். நகரத்தை மக்கள் மனதில் எப்படி வரைபடமாக்கிக் கொள்கிறார்கள் என்று லிஞ்ச் 1960இலேயே விளக்கியிருந்தார். வழி, விளிம்பு, பகுதி, சந்திப்பு, அடையாளச் சின்னம் என்னும் ஐந்து கூறுகளை அவர் எடுத்துக் காட்டினார். விரைவுச்சாலை இந்த ஐந்தில் இரண்டாக ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. ஓட்டுகிறவருக்கு அது வழி. அதன் ஓரத்தில் வாழ்கிறவருக்கு அது தாண்ட முடியாத விளிம்பு. இந்த முரண் முக்கியமானது, மறுபடியும் இதற்கு வருவோம்.

“ஓட்டுகிறவர் சாலையைத்தானே பார்க்க வேண்டும்?”

இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் ஓட்டுகிறவர் சாலையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை, இருக்கவும் முடியாது. எந்தத் திசையில் போகிறோம், எவ்வளவு தூரம் வந்துவிட்டோம், அடுத்து இறங்க வேண்டுமா என்பதையெல்லாம் சுற்றியுள்ளவற்றை வைத்துத்தான் உணர்கிறார். ஓர் ஆறு, ஒரு மலை முகடு, நகர மையத்துக் கோபுரக் கூட்டம் தெரிந்தால் திசை பிடிபட்டுவிடும். இரு பக்கமும் ஒரே மாதிரிச் சுவராக இருந்தால் பலகைகளும் வழிகாட்டிக் கருவியும் மட்டுமே துணை. அப்போது கடைசி நேரத்தில் லேன் மாறுவதும் கூடும்.

மனநிலையும் ஒரு காரணம். 1998இல் வெளியான ஓர் ஆய்வில் 160 மாணவர்களுக்கு வெவ்வேறு வகைச் சாலைப் பயணங்களின் காணொளியைக் காட்டி, அதற்கு முன்னும் பின்னும் மன அழுத்தம் தரும் வேலைகளைக் கொடுத்து, உடலின் எதிர்வினையை அளந்தார்கள். மரமும் புல்லும் மிகுந்த சாலையைப் பார்த்தவர்கள், கட்டடமும் பலகையும் மிகுந்த சாலையைப் பார்த்தவர்களைவிட விரைவாகத் தணிந்தார்கள். தினமும் ஒரு மணி நேரம் அந்தச் சாலையில் செலவிடுகிற லட்சக்கணக்கானோருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கார் சார்ந்து வளர்ந்த நகரத்தில் மிக அதிகமான மக்கள் மிக அதிக நேரம் சேர்ந்து இருக்கும் பொது இடம் விரைவுச்சாலைதான். நகர மன்றத்தின் முன் மண்டபத்தைப் பெருக்கித் துடைத்து வைக்கிறோம். அதைவிடப் பல மடங்கு மக்கள் பார்க்கும் இடத்தை அப்படியே விடுவதற்கு நியாயம் கிடையாது.

மூன்றாவது காரணம்தான் எங்களுக்குப் பெரிதாகப் படுகிறது. கட்டும்போது செலவழித்த பணத்தைவிட, கட்டிய பின் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதுதான் சாலையிலிருந்து பளிச்சென்று தெரியும். சிங்கப்பூரில் சாங்கி விமான நிலையமும் அங்கிருந்து நகருக்குப் போகும் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வேயும் 1981இல் திறக்கப்பட்டன. வழியெல்லாம் தூங்குமூஞ்சி மரங்கள் குடைபிடிக்க, மேம்பாலங்களில் காகிதப்பூ தொங்கும். வருகிற முதலீட்டாளர் இதைப் பார்க்க வேண்டும் என்பதை லீ குவான் யூ ஒளிக்கவில்லை. மரத்தை நடுவது ஒரு நாள் வேலை. அதைத் தினந்தோறும் பார்த்துக்கொள்ள ஒழுங்கான நிர்வாகம் வேண்டும். செழிப்பாக நிற்கும் மரம் அந்த நிர்வாகத்துக்குச் சாட்சி. அப்படிப்பட்ட சாட்சியைப் போலியாகச் செய்ய முடியாது.

அசிங்கத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு

சாலையோரம் ஏன் அலங்கோலமாகிறது என்பதற்கு டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நல்ல பாடம். அங்கே விரைவுச்சாலையின் இருபுறமும் நெடுக சர்வீஸ் ரோடு ஓடும். இது மாநிலத்தின் பழைய வழக்கம். விரைவுச்சாலை போடும்போது ஓரத்து நிலக்காரர்கள் சாலைக்கு நேரடியாக வந்துபோகும் உரிமையை இழக்கிறார்கள், அதற்கு அரசு ஈடு கொடுக்க வேண்டும். சர்வீஸ் ரோடு போட்டுக் கொடுத்துவிட்டால் உரிமை பறிபோகவில்லை, ஈடும் தேவையில்லை. அரசுக்கு அன்றைக்கு மிச்சம். ஆனால் அதன் விளைவாக விரைவுச்சாலையின் இரு கரையும் கடைத்தெருவானது.

இனி கடைக்காரரின் இடத்திலிருந்து பாருங்கள். அவருடைய வாடிக்கையாளர் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வருகிறார். பெயரைப் படித்து, முடிவு செய்து, லேன் மாறி, ரேம்பில் இறங்க அவருக்கு எட்டு ஒன்பது நொடியாவது வேண்டும். அதாவது 250 மீட்டர். எழுத்தின் உயரம் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சுமார் 3.6 மீட்டர் தொலைவிலிருந்து படிக்கலாம் என்பது அமெரிக்கச் சாலைப் பலகைகளுக்கான விதி. 250 மீட்டருக்கு எழுத்து ஏறத்தாழ 70 செ.மீ. உயரம் வேண்டும். பத்து எழுத்துப் பெயர் என்றால் பலகையே ஆறேழு மீட்டர் அகலமாகும். பக்கத்துக் கடையின் பலகை மறைத்தால் கம்பத்தை உயர்த்த வேண்டும், அவரும் உயர்த்துவார். யாருக்கும் அழகுணர்ச்சி இல்லாததால் வந்த நிலை அல்ல இது. எல்லோரும் சேர்ந்து உயரத்தைக் குறைத்தால் யாருக்கும் நட்டமில்லை, ஒருவர் மட்டும் குறைத்தால் அவருக்கு மட்டும் நட்டம். ஆகவே கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, எல்லோருக்கும் ஒரே உயர வரம்பு வைக்கும் விதி வேண்டும்.

விளம்பரப் பலகைக்கும் இதே கணக்குத்தான். அமெரிக்காவில் விரைவுச்சாலையோரம் நிற்கும் பெரிய பலகையின் வழக்கமான அளவு 14 அடிக்கு 48 அடி. இப்போதைய எல்.இ.டி. பலகைகளில் பல மாநிலங்களில் எட்டு நொடிக்கு ஒரு முறை படம் மாறலாம். எட்டு நொடியில் வண்டி 220 மீட்டருக்கு மேல் போய்விடும், ஆகவே ஒரே பலகையில் ஒருவர் இரண்டு மூன்று படம் பார்த்துவிடுகிறார். அடுத்து என்ன வரும் என்று கண் காத்திருக்கும். சாலையிலிருந்து பார்வை இரண்டு நொடிக்கு மேல் விலகினால் மோதலுக்கான வாய்ப்பு இரண்டு மடங்காகிறது என்று, நூறு கார்களில் கேமரா பொருத்தி அமெரிக்காவில் நடத்திய ஆய்வின் 2006ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. மாறும் பலகைகளுக்கு எதிராக இதைவிட வலுவான வாதம் தேவையில்லை.

சட்டம் என்ன செய்தது? ஜனாதிபதி லிண்டன் ஜான்சனின் மனைவி லேடி பேர்ட் ஜான்சன் முன்னின்று உழைத்ததால் 1965 அக்டோபர் 22 அன்று நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டம் கையெழுத்தானது. மாநிலங்களுக்கு இடையிலான சாலைகளும் முதன்மைச் சாலைகளும் இதற்குள் வந்தன. சாலை எல்லையிலிருந்து 660 அடிக்குள் விளம்பரப் பலகைகளைக் கட்டுப்படுத்த வேண்டும், 1,000 அடிக்குள் இருக்கும் பழைய இரும்புக் கிடங்குகளை மறைக்க வேண்டும், செய்யாத மாநிலத்துக்குச் சாலை நிதியில் 10 சதவீதம் குறையும் என்று வைத்தார்கள். ஆனால் வணிக, தொழில் பகுதிகளுக்கு விலக்கு இருந்தது. நகர விரைவுச்சாலையின் ஓரம் பெரும்பாலும் வணிகப் பகுதிதான். பலகையை அகற்றினால் உரிமையாளருக்குப் பணமும் கொடுக்க வேண்டும். கிராமப்புறத்தில் ஓரளவு பலன் தந்த சட்டம் நகரத்துக்குள் ஓய்ந்துபோனது இதனால்தான். ஹவாய், வெர்மான்ட், மெய்ன், அலாஸ்கா ஆகிய நான்கு மாநிலங்கள் மட்டும் தங்கள் சொந்தச் சட்டத்தால் இந்தப் பலகைகளை ஒழித்தன. ஹூஸ்டன் 1980இல் புதிய விளம்பரப் பலகைகளுக்குத் தடை போட்டது. இருப்பவை பழுதாகி விழ விழ எண்ணிக்கை குறையட்டும் என்ற பொறுமையான வழி அது. பணம் இல்லாத நகரத்துக்கு இன்னும் அதுதான் நடைமுறைக்கு ஏற்றது.

பிரேசிலின் சாவ் பாவ்லோ 2006இல் ஒரே சட்டத்தில் வெளிப்புற விளம்பரம் முழுவதையும் தடை செய்து, மறு ஆண்டு நடைமுறைப்படுத்தியது. பலகைகள் இறங்கியதும் பழைய கட்டடங்களின் முகப்புகள் வெளியே தெரிந்தன. கூடவே அவற்றின் பின்னால் மறைந்து கிடந்த குடிசைப் பகுதிகளும் தெரிந்தன. அதைப் பலர் குறையாகச் சொன்னார்கள். எங்களுக்கு அது அந்தச் சட்டத்தின் மிகப் பெரிய பயனாகத் தெரிகிறது. பார்வையில் படாத பகுதிக்காக யாரும் குரல் கொடுப்பதில்லை.

ஒட்டிய ஜன்னல்கள்

இதற்கு நேர் எதிரான ஒரு காரியத்தை நியூயார்க் நகரம் 1983இல் செய்தது. பிராங்க்ஸ் பகுதியைப் பிளந்துகொண்டு போகும் கிராஸ் பிராங்க்ஸ் விரைவுச்சாலையின் ஓரத்தில் கைவிடப்பட்ட அடுக்குமாடி வீடுகள் வரிசையாக நின்றன. ஆள் இல்லை, ஜன்னல் இல்லை, வெறும் ஓட்டைகள். அந்த ஓட்டைகளைத் தகடு வைத்து அடைத்து, அதன் மேல் வினைல் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஸ்டிக்கரில் மர ஜன்னல் கதவு, திரைச்சீலை, ஜன்னல் விளிம்பில் ஒரு பூந்தொட்டி. 80, 90 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு யாரோ குடியிருப்பதுபோல் தோன்றும். கிட்டே போனால் காய்ந்த சுவரில் ஒட்டிய படம். அந்தத் தெருவிலேயே மீதி வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு அந்தப் பூந்தொட்டி தினமும் என்ன சொல்லியிருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

சாலையிலிருந்து தெரியும் தோற்றம் முக்கியம் என்று வாதாடுகிற யாரும் இந்தச் சம்பவத்தை மறக்கக் கூடாது. வெறும் தோற்றத்தை மட்டும் இலக்காக வைத்தால் மிக மலிவான வழி ஸ்டிக்கர்தான். அதனால் எந்த யோசனை வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வண்டியை நிறுத்தி இறங்கிப் பத்து மீட்டர் தொலைவில் நின்று பார்த்தாலும் இது உண்மையாகத் தெரியுமா என்பதுதான்.

தூணுக்குக் கீழே வாழ்கிறவர்

சியாட்டில் நகரின் கடற்கரையோரம் 1953 முதல் அலாஸ்கன் வே என்ற இரண்டடுக்கு மேம்பாலச் சாலை இருந்தது. அதன் மேல்தளத்தில் ஓட்டிப் போகிறவருக்குக் கடலும் கப்பல்களும் தொலைவில் மலைகளும் தெரியும். அந்த ஊரில் காசில்லாமல் கிடைத்த மிகச் சிறந்த காட்சி அது என்று பலர் சொன்னார்கள், உண்மையும்கூட. ஆனால் அதே பாலம் நகர மையத்தில் நடக்கிறவர்களுக்குக் கடலுக்கு முன்னால் நிற்கும் கான்கிரீட் சுவராக இருந்தது. நிழல், இரைச்சல், தூண். 2019 ஜனவரியில் அதை மூடி, இடித்து, போக்குவரத்தைச் சுமார் மூன்று கி.மீ. நீளச் சுரங்கத்துக்குள் இறக்கினார்கள். ஓட்டுகிறவர் காட்சியை இழந்தார், கடற்கரையோரம் நடக்கிறவருக்கு அது கிடைத்தது.

சான் பிரான்சிஸ்கோவின் எம்பார்கடேரோ மேம்பாலம் 1989 நிலநடுக்கத்தில் சேதமாகி 1991இல் இடிக்கப்பட்டபோது, அதுவரை பாலத்தின் பின்னால் மறைந்திருந்த படகுத்துறைக் கட்டடம் மறுபடி தெருவிலிருந்து தெரிந்தது. பாஸ்டனில் 1959இல் திறந்த மேம்பாலச் சாலை மண்ணுக்கடியில் போய், அதன் தடத்தில் 2008இல் பூங்கா வந்தது. டாலஸில் பள்ளத்தில் ஓடும் விரைவுச்சாலைக்குமேல் தளம் போட்டு 2012இல் 5.2 ஏக்கர் பூங்கா திறந்தார்கள். அங்கே ஓட்டுகிறவர் பார்ப்பது சில நொடி இருட்டு மட்டும், மேலே குழந்தைகள் விளையாடுகிறார்கள். சியோல் நகரம் 2003இல் சோங்கேசோன் ஓடையின் மேலிருந்த மேம்பாலச் சாலையை இடித்து, 2005க்குள் 5.8 கி.மீ. ஓடையைத் திறந்துவிட்டது.

ஓட்டுகிறவர் கண்ணும் குடியிருப்பவர் கண்ணும் மோதும் இடத்தில் குடியிருப்பவர் பக்கம்தான் நிற்க வேண்டும். முதலாமவருக்கு அது பத்து நொடி, இரண்டாமவருக்கு அது வாழ்நாள். நல்லவேளையாக, பெரும்பாலான இடங்களில் இரண்டும் மோதுவதில்லை. மோதும் இடம் முக்கியமாக ஒன்று உண்டு. அது ஒலித்தடுப்புச் சுவர்.

சுவர், மரம், கறை

ஒலித்தடுப்புச் சுவர் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம். வீட்டிலிருப்பவரின் காதுக்கும் சாலைக்கும் இடையிலுள்ள நேர்கோட்டைச் சுவர் மறைத்த உடனே ஒலி ஏறத்தாழ 5 டெசிபெல் (ஒலி அளவின் அலகு) குறையும். அதன்பின் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சுமார் 1.5 டெசிபெல். நீளமும் வேண்டும். வீட்டிலிருந்து சுவர் 30 மீட்டர் தள்ளி இருந்தால் வீட்டுக்கு இரு பக்கமும் 120 மீட்டர், அதாவது நான்கு மடங்கு நீள வேண்டும். இல்லாவிட்டால் ஒலி ஓரத்தைச் சுற்றி வந்துவிடும். சுவரின் பலன் சாலையிலிருந்து சுமார் 60 மீட்டருக்குள் இருப்பவர்களுக்குத்தான் நன்றாகக் கிடைக்கும். மேட்டில் இருக்கும் வீட்டுக்கு, சாலை கண்ணில் படுகிறவரை, எவ்வளவு செலவழித்தாலும் பலனில்லை. சுவருக்குப் பதில் மரம் நடலாமே என்று எல்லாக் கூட்டத்திலும் யாராவது கேட்பார்கள். 60 மீட்டர் அகலத்துக்கு இடைவெளி தெரியாத அடர்த்தியான தோப்பு இருந்தால்தான் 10 டெசிபெல் குறையும். ஒற்றை வரிசை மரம் கண்ணுக்கு இதம், காதுக்கு ஒன்றுமில்லை.

ஆகவே சுவர் வேண்டிய இடத்தில் வேண்டும். ஆனால் நகரம் முழுக்கச் சுவராகிவிட்டால் ஓட்டுகிறவர் குழாய்க்குள் போவதுபோல் ஆகிவிடும். ஆறு, பூங்கா, நகர மையக் காட்சி வரும் இடங்களில் வீடு இல்லை என்றால் சுவரைத் தொடராதீர்கள். சுவரில் வடிவம் வேண்டுமென்றால் பெரிதாக, மெதுவாக மாறும்படி வையுங்கள். சுரங்க விளக்குகளுக்கு ஒரு விதி உண்டு. வெளிச்சமும் இருட்டும் நொடிக்கு 4 முதல் 11 முறை மாறி மாறி வந்து, அது 20 நொடிக்கு மேல் நீடித்தால் கண்ணை உறுத்தும். 100 கி.மீ. வேகத்தில் இது ஏறத்தாழ 2.5 மீட்டர் முதல் 7 மீட்டர் வரையிலான இடைவெளி. சுவரின் தூண்களையோ கட்டங்களையோ இந்த இடைவெளியில் பளிச்சென்ற இரு நிறங்களில் நீளமாக அமைத்தால் வெயிலில் அதே சிரமம் வரும். வடிவமைப்பாளர் மேசையில் அழகாகத் தெரிந்த கோடுபோட்ட சுவர் சாலையில் தலைவலியாவது இப்படித்தான். சுவருக்கு இரண்டு முகம் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. சாலைப் பக்கத்தில் வேலைப்பாடு, வீட்டுப் பக்கத்தில் மொட்டைக் கான்கிரீட் என்று திட்டம் வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

மரம் நடுவதற்கும் கணக்கு உண்டு. அதிவேகச் சாலையில் லேன் ஓரத்திலிருந்து சுமார் 9 மீட்டர் வரை, கட்டுப்பாடு இழந்த வண்டி மீண்டு வருவதற்கான வெற்றிடமாக விட வேண்டும். தண்டு 10 செ.மீ.க்கு மேல் பருக்கும் மரம் வண்டிக்குத் தூணுக்குச் சமம். அதை அந்த எல்லைக்கு வெளியேயோ கிராஷ் பேரியருக்கு, அதாவது வண்டியைத் தடுக்கும் உறுதியான வேலிக்கு, பின்னாலோதான் வைக்கலாம், உள்ளே புதரும் புல்லும் மட்டும். ரேம்ப் ஓரத்து மண் ரோலர் போட்டு இறுக்கிய மண். அதில் குழி தோண்டி நட்டால் தொட்டியில் நட்ட மாதிரி வேர் சுற்றிச் சுற்றி, நீர் தேங்கி, அழுகிவிடும். குழியை ஆழப்படுத்துவதைவிட அகலமாக, அரை மீட்டருக்கு மேல் ஆழத்துக்கு மண்ணைக் கிளறிவிட வேண்டும். அதைவிடப் பெரிய தவறு பணத்தில் நடக்கிறது. நடுவதற்கான பணம் கட்டுமானக் கணக்கில் வரும், தண்ணீர் ஊற்றுவதற்கான பணம் பராமரிப்புக் கணக்கில் வர வேண்டும். இரண்டும் வேறு வேறு அலுவலகம். திறப்பு விழாவுக்குப் பின் இரண்டாவது கோடையில் மரங்கள் வரிசையாகக் காய்வது இதனால்தான். நடுகிற ஒப்பந்தக்காரரே மூன்று ஆண்டு தண்ணீர் விட்டு, பட்டுப்போனதை மாற்றி நட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். செலவே இல்லாத வழியும் உண்டு. டெக்சாஸில் காட்டுப்பூக்கள் விதை முற்றி உதிரும் வரை சாலையோரப் புல்லை வெட்டாமல் காத்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு அவை தாமாகவே முளைக்கின்றன.

பாலங்களில் தெரியும் கருங்கறை பெரும்பாலும் அழுக்கு அல்ல, நீர்க்கசிவு. தளத்தின் இணைப்பு இடைவெளியிலுள்ள ரப்பர் கிழிந்தால் மழைநீர் தூணின் தலையில் வடிந்து வெள்ளைப் படிவும் துருக்கறையும் விடும். தளத்தின் அடிவிளிம்பில் நீர் சொட்டுவதற்கான காடி இல்லாவிட்டால் நீர் அடிப்பக்கமாக ஓடி முகப்பெல்லாம் கோடு போடும். பெயின்ட் அடித்தால் அடுத்த மழையில் திரும்ப வரும். முதலில் இணைப்பைச் சரிசெய்ய வேண்டும். அது பாலத்தின் ஆயுளுக்கும் நல்லது.

சுவர்க் கிறுக்கலுக்கு ஒரே மருந்து வேகம். ஓரிரு நாளில் அழித்துவிட்டால் எழுதுகிறவருக்கு அலுத்துவிடும். அழிக்கும்போது கிடைத்த சாம்பல் நிறத்தைத் திட்டுத் திட்டாகப் பூசினால் கிறுக்கலைவிட மோசமாகத் தெரியும். சுவரின் நிறம் எண்ணை ஆவணத்தில் வைத்து அதையே வாங்க வேண்டும். கொடி படர விட்டால் எழுத இடமிருக்காது, ஆனால் கான்கிரீட்டில் விரிசல் இருக்கிறதா என்று சோதிக்கவும் முடியாது, ஆகவே பாலத் தூண்களில் வேண்டாம், தனிச் சுவர்களில் படரட்டும். லாஸ் ஏஞ்சலஸ் 1984 ஒலிம்பிக்ஸுக்காக விரைவுச்சாலைச் சுவர்களில் பத்துப் பெரிய ஓவியங்கள் வரையச் செய்தது. பிற்பாடு அவற்றின் மேல் கிறுக்கல் ஏறியது. வரைவதற்குப் பணம் தேடுகிறபோதே கழுவிப் பாதுகாப்பதற்கும் தேடாவிட்டால் ஓவியம் நிலைக்காது.

ஒரு சாலைத் துண்டை மதிப்பிடுவது எப்படி

உங்கள் நகரத்தில் இதைச் செய்து பார்க்க விரும்பினால் ஐந்து கி.மீ. நீளம் போதும். ஓட்டுநர் கண் உயரத்தில், சுமார் 1.1 மீட்டரில், முன்கண்ணாடி வழியாகக் கேமராவைப் பொருத்தி, அனுமதித்த வேகத்தில் இரண்டு திசையிலும் ஓட்டச் சொல்லுங்கள். ஓட்டுகிறவரே படம் எடுக்கக் கூடாது. பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை. பிறகு காணொளியைப் பத்து நொடிக்கு ஓரிடத்தில் நிறுத்தி அந்தப் படங்களைச் சேருங்கள். ஐந்து கி.மீ.க்கு மூன்று நிமிடம், ஒரு ஓட்டத்துக்கு 18 படம். ஒவ்வொன்றிலும் நடுவில் இருப்பது என்ன என்று மட்டும் எழுதுங்கள். சுவர், பலகை, மரம், கோபுரம், பாலத்தின் அடிப்பக்கம். எந்த ஊர் என்று சொல்லாமல் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் படங்களைக் கலைத்துக் கொடுத்து, எந்த இடம் என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடிந்த படங்களில் இருப்பதை முதலில் காப்பாற்ற வேண்டும். அந்தக் கோபுரத்தையோ ஆற்றையோ மறைக்கும்படி புதுப் பலகைக்கோ சுவருக்கோ அனுமதி கேட்டு யாராவது வந்தால் அந்தப் படம்தான் உங்கள் ஆதாரம்.

அடுத்து அதே பதினெட்டு இடங்களுக்கும் கீழே நடந்து போங்கள். தூணடியில், சுவரின் மறுபக்கத்தில், ரேம்பைக் கடக்க வேண்டிய நடைபாதையில் நின்று ஒரு படம். அங்கே குடியிருப்பவர் ஒருவரிடம் எது தொந்தரவு என்று கேளுங்கள். மேலிருந்து எடுத்த படத்தையும் கீழிருந்து எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் எங்கே இரண்டும் மோசம் என்பது தானாகத் தெரியும். பெரும்பாலும் அது கசிகிற இணைப்பாகவும் காய்ந்த மரமாகவும் அள்ளாத குப்பையாகவும் இருக்கும். பணத்தை அங்கே முதலில் போடுங்கள். வேலை முடிந்து மூன்றாவது கோடையில் அதே இடங்களில், அதே உயரத்தில், அதே வேகத்தில் மறுபடியும் படம் எடுத்து, பழையவற்றின் பக்கத்தில் ஒட்டுங்கள்.